பாதியில் நிற்கும் கதவு

2025 ஜூன் 9, திங்கள்

பாத்ரூம் கதவு இன்றும் மூடும்போது பாதியில் நின்றுவிட்டது. தள்ளினேன், இழுத்தேன், காலால் ஒரு எத்து விட்டேன். சுவருக்குள் எங்கோ கர்ரென்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒரு அங்குலம் வரவில்லை. உள்ளே அப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். இடது கையால் லுங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தார். "வேண்டாம்" என்றார். வாதம் விழுந்த பிறகு அவருக்குத் தெளிவாக வருகிற ஏழெட்டு வார்த்தைகளில் அது ஒன்று. திரும்பக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினேன்.

முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர். டிப்போவுக்கு டிப்போ மூத்திரத்தை அடக்கிப் பழகிய உடம்பு. ஆனால் இப்போது அடக்குவது வேறு. அன்றைக்கு பஸ் நிற்காததால் அடக்கினார். இன்றைக்கு மகள் நிற்பதால் அடக்குகிறார்.

இந்தக் கதவு என் யோசனை. வீட்டுக்கே ஒரே பாத்ரூம், அப்பாவின் அறையை ஒட்டி. பழைய கதவு உள்பக்கமாகத் திறக்கும். நாற்காலி திரும்ப இடமிருக்காது. பிப்ரவரியில் நானே வரைந்து கொடுத்தேன். செங்கல் சுவருக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, சட்டம் அடித்து, அறைப் பக்கத்தை சிமெண்ட் போர்டால் மூடினோம். மேலே ரெயில், அதில் இரண்டு ரோலர், ரோலரில் தொங்கும் பி.வி.சி. கதவு. திறந்தால் சுவருக்குள் போய்விடும். ஏப்ரல் முழுக்க ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது. மே கடைசியில் நின்றது.

பி.இ. சிவில் படித்துவிட்டு மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடையில் நிற்கிறேன். நான் கட்டிய ஒரே ஒரு விஷயம் இந்தக் கதவு.

ஜூன் 10

மழை. "பலகை வீங்கியிருக்கும்" என்று இன்று மட்டும் மூன்று பேர். பி.வி.சி. எங்கேயாவது வீங்குமா?

ஜூன் 11, புதன்

அண்ணன் கத்தாரிலிருந்து கூப்பிட்டான். சுற்றி வளைக்கவில்லை.

"எட்டி ஜெப்சி, இருவத்தேழாம் தேதி வருதேன். அப்பாவ ஒரு நல்ல முதியோர் இல்லத்துல ஆக்கீரணும். பாத்தாச்சு. ஜூலை அஞ்சாம் தேதி ஒரு கட்டில் ஒழியும்னு சொல்லியிருக்காவ."

"அப்பா என்ன பழைய ஃப்ரிட்ஜா, கொண்டுபோய் ஆக்குததுக்கு?"

"நீ பேசுவே. நாளைக்கு உன்னக் கெட்டிக் குடுத்தாச்சுன்னா அம்மா ஒத்தைக்கு என்ன செய்வா? அங்க ஆம்பிள நர்ஸ் உண்டு. பாத்ரூமெல்லாம் அதுக்குண்டான மாதிரி கெட்டியிருக்கு. உன்னால ஒரு கதவ ஒழுங்கா வைக்க முடிஞ்சுதா?"

போனை வைத்துவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். "நீ என்ன சொல்லுதே?" என்றேன். "எனக்கு முதுகு ஒடியுது மக்களே" என்றாள். அது ஆமா என்றா, இல்லை என்றா?

ஜூன் 12

அப்பாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சிறுநீரில் தொற்று என்றார்கள். தண்ணீர் போதாதாம். அம்மா குளிகையோடு டம்ளரை நீட்டினால் மாத்திரை இறங்குகிற அளவுக்கு ஒரு வாய், அப்புறம் உதட்டை மூடிக்கொள்கிறார். நான் மறதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறதி இல்லை. கணக்கு. குடித்தால் போக வேண்டும். போனால் கதவு பாதி திறந்திருக்கும்.

ஒரு மனுஷன் கதவுக்காகத் தாகத்தோடு கிடக்கிறான். நான் கடையில் தங்கக் கலர் குழாய் விற்கிறேன். வாங்குகிற வீட்டில் எல்லாம் வாசலுக்கு எட்டுப் படி. யாருக்கும் காலே விழாது என்று நினைப்பு.

ஜூன் 13, வெள்ளி

ஜெபக்குழு வந்தது. பதினோரு பேர் அப்பாவின் அறையில். பாதி மூடிய கதவு வழியாக பக்கெட்டும் குவளையும் எல்லோருக்கும் தெரிந்தன. அம்மா குறுக்கே கட்டிய சேலை ஃபேன் காற்றில் பறந்தது. ஒரு அக்கா அதை எடுத்துச் செருகிவிட்டு, "பொம்பிளப் பிள்ளையா இதெல்லாம் செய்யுது? பாவம், நேசையனுக்கு எப்பிடி இருக்கும்" என்றாள். அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். காது கேட்காதவர் மாதிரி.

எங்கள் சபைக் கோயிலுக்கு முன்னால் பன்னிரண்டு படி. கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. சாய்தளம் கட்டக் கேட்டு நான் எழுதிக் கொடுத்த கடிதம் கமிட்டியில் இருக்கிறதாம். 'ஜெபத்தில் வைத்திருக்கிறோம்' என்றார்கள். சிமெண்டில் வைத்தால் போதும்.

இதை அவர்கள் முன்னாலேயே சொன்னேன். அம்மா இன்னும் என்னிடம் பேசவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா ஆராதனைக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறினேன். மேல் பட்டையைக் கழற்றிப் பார்த்தால், முன்பக்க ரோலரின் நட்டு தளர்ந்து கதவு அந்த மூலையில் இறங்கியிருக்கிறது. அடிப்பக்கம் தரையில் உரசிய தடமும் இருந்தது. ஸ்பானர் வைத்து ஏற்றினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நேர்.

தள்ளினேன். தரையில் உரசவில்லை. ஆனால் அதே இடத்தில் நின்றது. அதே பாதி, அதே கர்ர்.

அப்பா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சவத்துக் கதவு என்று கத்தினேன். அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

ஜூன் 16

கதவை மாட்டியவர் குமாரதாஸ். சவூதியில் பதினேழு வருஷம் அலுமினிய வேலை பார்த்தவர். ஊருக்கு வந்ததும் மறுபடியும் வெறும் 'ஆசாரி' ஆகிவிட்டார். வேலைக்குப் போகிற வழியில் அவர் வீட்டு முற்றத்தில் நின்று, "நீங்க மட்டமான ரோலர் போட்டுட்டீங்க" என்றேன். பக்கத்து வீட்டில் எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"பிள்ளே, நீ படம் வரஞ்சு தந்தே, அளவு தந்தே, ரோலரும் நீதானே கடையில வேண்டித் தந்தே? நான் மாட்டுனேன். இப்பம் சத்தம் எனக்க முற்றத்துலயா?"

"மாட்டுனது சரியில்ல."

"அப்பம் சரியா மாட்டுதவன விளிச்சுக்கோ."

உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போதும் கோபம்தான். இதை எழுதும்போது கூட.

ஜூன் 18, புதன்

புது ரோலர் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனேன். தாங்கும் எடை, ரெயில் அகலம், எல்லாம் சொன்னேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் ஆணி வாங்க நின்ற ஆளைப் பார்த்து, "ஒங்களுக்கு எந்த சைஸு வேணும்?" என்றார். அந்த ஆள் பயந்துபோய், "எனக்கு ஆணிதான்" என்றான்.

வாங்கி வந்து மாட்டினேன். பாதியிலேயே நிற்கிறது.

அப்போ ரோலர் இல்லை. குமாரதாஸும் இல்லை. அப்போ யார்?

ஜூன் 19

அண்ணன் இல்லத்தின் படங்களை அனுப்பியிருக்கிறான். நல்ல வெளிச்சம். சுத்தமான தரை. பாத்ரூம் கதவையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், வேண்டுமென்றே. பெரிய தள்ளுகதவு. நன்றாகத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

நான் அப்பாவிடம் காட்டவில்லை. அம்மா காட்டினாள். அவர் போனை வாங்கிக் கவிழ்த்து மெத்தைமேல் வைத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். எழுதக் கை வரவில்லை.

காலையில் அம்மா கோயிலுக்குப் போனதும், கதவுக்கும் சிமெண்ட் போர்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குள் கல்லூரிக் காலத்து நீள ஸ்டீல் ஸ்கேலை விட்டேன். மேல்பக்கம் விட்டால் முழுக்கப் போகிறது. கீழே விட்டாலும் போகிறது. நடுவில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், ஐம்பது சென்டிமீட்டர் உள்ளே, டக். இரும்பில் இரும்பு படுகிற சத்தம். நாலு தடவை விட்டுப் பார்த்தேன். அதே இடம்.

அந்த அளவை அப்படியே போர்டின் வெளிப்பக்கம் வைத்துப் பென்சிலால் குறிக்கப் போனேன். பென்சில் ஒரு கண்ணாடியில் போய் முட்டியது.

அப்பாவின் வாக்குத்தத்தம்.

டிசம்பர் முப்பத்தொன்று ஆராதனையில் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம். அந்த வருஷத்துக்கு அவரவர்க்கு உள்ள வாக்கு. அப்பா அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அம்மா அவர் பேருக்கு ஒன்று எடுத்து, ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தாள். மே மாதம் அதை அப்பா கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு மாற்றினார்கள். சுவரில் அடித்த ஸ்க்ரூ போர்டைத் துளைத்து, உள்ளே திறந்து கிடந்த கதவில் இறங்கியிருக்கிறது. கதவு உள்ளே கூடாக, பொள்ளையாக இருப்பதால் இழுத்தால் கிழிந்துகொண்டே பாதி தூரம் வருகிறது. கதவின் ஓரத்தில் இருக்கிற கனமான சட்டத்தில் முட்டியதும் நின்றுவிடுகிறது. மூன்று வாரமாக இதுதான்.

எந்த மடையன் இதில் போய் ஸ்க்ரூ அடித்தான் என்று அம்மா வந்ததும் கத்தினேன். அம்மா பைபிளை மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"நீதானட்டி அடிச்சே. கடைக்கு நேரமாச்சு, நேரமாச்சுன்னு சொல்லி, ஒனக்க அந்த டிரில்லு மிஷின வச்சு."

நான்தான். ஞாபகம் வந்துவிட்டது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அம்மா தொல்லை தாங்காமல், டப்பாவில் கைக்குக் கிடைத்த ஒன்றரை அங்குல ஸ்க்ரூவை எடுத்து... அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் நான்.

குமாரதாஸ், ரோலர், கதவு, அம்மா, கமிட்டி. எல்லோரையும் திட்டினேன்.

ஜூன் 23, திங்கள்

ஸ்க்ரூவை எடுத்தால் முடிந்தது. இரண்டு நிமிஷ வேலை. அம்மா விடவில்லை.

"அப்பாவுக்க பேருக்கு எடுத்ததாக்கும். வருஷ நடுவுல சுவர விட்டு எறக்கப்பிடாது."

"எறக்கி அந்தப் பக்கம் மாட்டப் போறேன். அவ்வளவுதான்."

"மே மாசம் எறக்கி இங்க மாட்டுனோம். என்ன ஆச்சு? கதவு போச்சு, காய்ச்சல் வந்துது. இன்னும் எறக்கவா?"

"காய்ச்சல் வந்ததே அந்த ஸ்க்ரூவாலதானம்மா!"

"நீ சொல்லுவே. ஆஸ்பத்திரியில டாக்டர் கைய விரிச்சப்பம் எனக்க கையில அந்த அட்டை ஒண்ணுதான் உண்டும். நீ அண்ணைக்கு ஹாஸ்டல்ல இருந்தே."

ஹாஸ்டல் இல்லை, சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் இல்லாமல் இருந்தது உண்மை. ஃப்ரேமுக்கு முன்னால் முதுகு வளைந்து கையை விரித்துக்கொண்டு நிற்கிறவளைத் தள்ளிவிட்டு எடுக்க முடியுமா? முடியும். அவள் வெளியே போகும்போது எடுக்கலாம். அண்ணன் செய்கிறதும் அதுதானே - அவர்களுக்கு நல்லது என்று, அவர்களைக் கேட்காமல்.

ஜூன் 24

அப்பா முடித்து வைத்தார்.

சாயங்காலம் மறுபடியும் அம்மாவும் நானும் அதே சண்டை. குரல் ஏறிக்கொண்டே போனது. அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தில் தட்டினார், பஸ்ஸில் பின்வாசல் தகரத்தில் தட்டுகிற மாதிரி, ரெண்டு தட்டு. இரண்டு பேரும் நிறுத்தினோம். ஃப்ரேமைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"தா" என்றார்.

அம்மா அசையவில்லை. "தா" என்றார் மறுபடி, கோபமாக. அவள்தான் கழற்றினாள். கண்ணாடியைச் சேலையால் துடைத்து அவர் மடியில் வைத்தாள். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ம் என்று என்னைப் பார்த்தார். ஸ்க்ரூவைத் திருகி எடுத்தேன். ஒரு விரலால் தள்ளினேன்.

கதவு சுவரிலிருந்து முழுக்க வெளியே வந்து எதிர் சட்டத்தில் டொக்கென்று உட்கார்ந்தது.

மூன்று பேரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்க ஒன்றுமில்லை. கதவு முகத்தில் நடுவில் நீளமாக ஒரு கிழிசல்.

ஃப்ரேம் எதிர்ப்பக்கம் செங்கல் சுவரில் இருக்கிறது. ஒட்டுகிற கொக்கி. அம்மா இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஜூன் 25, புதன்

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்காதா? சாயங்காலம் வந்து பார்த்தால் கதவின் முன்மூலை மறுபடி இறங்கித் தரையில் உரசுகிறது. பதினைந்தாம் தேதி நான் இறுக்கிய நட்டு. போன புதன்கிழமை புது ரோலரோடு இறுக்கிய நட்டு. தானாகத் தளர முடியாது.

குமாரதாஸ் வீட்டுக்குப் போனேன். அதே முற்றத்தில், அதே பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிற மாதிரி, "தப்பு என்னுடையது. ஸ்க்ரூ அடிச்சது நான்" என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "சத்தமா சொல்லு பிள்ளே, அந்தக் கடைசி வீட்டுல கேக்காது" என்றார். வந்தார்.

ஸ்டூலில் ஏறி நட்டைத் தொட்டுப் பார்த்தார். இறங்கினார். கதவின் விளிம்பை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்தார்.

"இதுல ஒரு ஆளு தொங்குதான்."

"யாரு தொங்க?"

"பாரு. எண்ணெய்க் கை. எடது கை. உயரத்தப் பாத்தியா? இருக்கவனுக்க கை இல்ல, நிக்கவனுக்க கை."

விளிம்பில் என் நெஞ்சு உயரத்தில் விரல் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, மங்கிய மஞ்சளாக. அப்பாவுக்குத் தேய்க்கிற தைலம். அம்மா, நான், குமாரதாஸ், மூன்று பேரும் திரும்பி அப்பாவைப் பார்த்தோம். அப்பா ஃபேனைப் பார்த்தார்.

அம்மா காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற அரை மணி நேரம். நான் கடைக்குப் போயிருப்பேன். நான் உட்காரவைத்துவிட்டுப் போகிற நாற்காலியைக் கதவோரம் ஒரு கையால் தள்ளிக்கொண்டு போய், விளிம்பைப் பிடித்து எழுந்து, தனியாக நிற்கப் பழகியிருக்கிறார்.

"எத்தற நாளாட்டு?" என்று அம்மா கேட்டாள். அவர் ஐந்து விரலையும் விரித்து மூடினார், விரித்து மூடினார், மறுபடியும் விரித்தார். நிறுத்தச் சொன்னேன்.

"நின்ன கதவுல இந்த ஆளு நின்னது சரி," என்றார் குமாரதாஸ். "முட்டி நின்னதுனால கம்பி மாதிரி பிடி கிடைச்சுது. இப்பம் நீ சரியாக்கிட்டே. நாளைக்குப் பிடிச்சா கதவு ஓடும். அவரு கூட ஓடுவாரா?"

நேற்றிலிருந்து நான் அவருக்கு முன்னால் ஓடுகிற ஒரு பொருளைப் பிடிமானம் மாதிரி வைத்திருக்கிறேன். இன்று காலையும் பிடித்திருக்கிறார். விழாதது என் திறமையால் இல்லை.

ஜூன் 26

லீவு போட்டேன். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

செங்கல் சுவரில் மூன்று இடத்தில் ஸ்டீல் கம்பி: கதவுக்கு வெளியே நெடுக்காக ஒன்று, உள்ளே க்ளோசெட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, குழாயை ஒட்டி ஒன்று. எல்லாம் இடது கைக்கு. உயரம் நான் அளக்கவில்லை. அப்பாவைப் பிடித்து நிறுத்தி, அவர் கை போய் நிற்கிற இடத்தில் குறித்தோம். குமாரதாஸ் ஒவ்வொரு கம்பியிலும் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அப்புறம் என்னையும் தொங்கச் சொன்னார்.

அப்பா முதல் கம்பியைப் பிடித்து எழுந்தார். அம்மா கையை நீட்டினாள். "வேண்டாம்" என்றார்.

ஜூன் 27, வெள்ளி

அண்ணன் வந்துவிட்டான். திருவனந்தபுரத்திலிருந்து கார். பெட்டியில் பெரியவர்களுக்கான டயப்பர் இரண்டு பெரிய கட்டு. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். நிஜமாகவே அழுதான்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா காதில் விழாதென்று நினைத்து, "அஞ்சாந்தேதி காலத்த வண்டி சொல்லியிருக்கேன்" என்றான்.

நான் ஒன்றும் காட்டவில்லை, விளக்கவில்லை. மூன்று வாரமாக நான் பேசியது போதும்.

ஜூன் 30

அப்பா இன்று "வெள்ளம்" என்று தண்ணீர் கேட்டுக் குடித்தார். நாலு தடவை. அண்ணன் வராந்தாவில் போனோடு நடந்துகொண்டே இருக்கிறான்.

ஜூலை 3, வியாழன்

அண்ணனும் அம்மாவும் சமையலறையில். நான் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அங்க போனா அவருக்கு சுகமாக்கும் அம்மா."

"அவருக்கிட்ட கேட்டியா?"

"அவரு என்ன பேசுவாரு?"

"தா, வேண்டாம், வெள்ளம். இதெல்லாம் பேசுவாரு. நீ கேட்டியான்னுதான் கேக்கேன்."

அம்மாவா இது? ஈரத் துணியைப் பிழியாமல் நின்றேன்.

அண்ணன் சாயங்காலம் வரை கேட்கவில்லை. அப்புறம் கேட்டான். என்ன கேட்டான் என்று தெரியாது, அப்பாவின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான். வெளியே வந்து வண்டிக்காரனுக்குப் போன் செய்தான். "இப்பம் வேண்டாம். டிசம்பர்ல வரும்போ பாக்கலாம்." டிசம்பர் என்றான். ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி. டிசம்பர் வரை இருக்கிறது.

ஜூலை 5, சனி

காலை ஏழேகால். மழை. அண்ணனுக்கு யாரையோ பார்க்க நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். தோளில் துண்டு, கையில் சோப்பு. பாத்ரூம் கதவை இழுத்தான். உள்ளே கொக்கி போட்டிருந்தது. தட்டினான்.

உள்ளிருந்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் தூக்கி வைக்கிற மாதிரி:

"ஆ...ளுண்டு."

அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்கும் கடைக்கு நேரமாகிவிட்டது.

"எவ்வளவு நேரமாவும்?" என்று கேட்டான்.

"தெரியாது. போய் அரை மணி நேரமாச்சு."

"அப்பா," என்றான் கதவைப் பார்த்து, "செத்த சீக்கிரம் வாங்கப்பா. எனக்கு பஸ்ஸு போவும்."

உள்ளே குழாய் திறந்தது. மூடவில்லை. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான். அவனுக்குப் பின்னால் நான் பக்கெட்டோடு. எனக்குப் பின்னால் அம்மா வந்து, "வரிசையா எட்டி இது?" என்றாள்.